குரங்குக்குப் பதினாறு

எங்கள் தெருவின் பாசத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போதாது. வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயரே ‘சாரல் நகர் உறவுகள்’. காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம், மத்தியானம் ஒரு தத்துவம், ராத்திரி நிலாவோடு இனிய இரவு. அந்த உறவுகளில் பாதிப் பேர் நேரில் பார்த்தால் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டு போய்விடுவார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தெரு. முனையில் அகமது கபீரின் டீக்கடை. அதை ஒட்டி ஒரு காலி இடம், தெருக் குப்பை மொத்தமும் அங்கேதான். எல்லாரும் சேர்ந்து ஒற்றுமையாகச் செய்துவந்த ஒரே காரியம் அந்த இடத்தில் குப்பை கொட்டுவதுதான்.

என் பெயர் முத்துசெல்வி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காலையில் போனால் சோறு வெந்ததா, முட்டை கணக்குக்கு வந்ததா என்று பார்த்துவிட்டு நாலு மணிக்குத்தான் வீடு திரும்ப முடியும். என் வீட்டு மாடியில் ரூபி குடியிருக்கிறாள். சுரண்டைக்காரி. அவள் புருஷன் விஜயசங்கர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் மகன். இரண்டு பேரும் தாங்களாகவே பார்த்து, தாங்களாகவே கல்யாணம் முடித்துக்கொண்டார்கள். சர்ச்சுக்குப் போகிற வீடும் கோயிலுக்குப் போகிற வீடும் அதுவரை எதிலும் ஒத்துப்போனதில்லை. இவர்களை வாசற்படி ஏற்றக் கூடாது என்பதில் மட்டும் உடனே ஒத்துப்போய்விட்டன. விஜயசங்கர் இப்போது குவைத்தில். மாடியில் ரூபியும் எட்டு மாதப் பிள்ளை ஜெஸ்வினும் மட்டும்தான்.

ஜூன் மாதம் ரூபிக்குத் தென்காசியில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. ரத்தம் எடுத்துச் சோதிக்கிற படிப்பு படித்தவள். படித்துவிட்டு நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அந்த போன் வந்த அன்றைக்குத்தான் சிரித்தாள். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்றார்கள். பகலில் ஜெஸ்வினை யார் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று தென்காசியில் இருக்கிறது. நடக்க ஆரம்பித்த பிறகு கொண்டுவாங்க என்றார்கள். நாலு மணிக்கு மேல் நான் இருக்கிறேன். அதுவரை ஒரு மடி வேண்டும்.

ரூபியோடு தெருவில் யாரும் பேசுவதில்லை. எதற்கு என்று கேட்டால் அதற்கும் யாரும் பதில் சொல்வதில்லை. அதனால் நான்தான் வீடு வீடாகப் போனேன். சங்கத் தலைவர் நல்லதம்பி அண்ணாச்சியின் மனைவி குழல்வாய்மொழி மதினிக்கு மணிக்கட்டில் வலி. "ஒரு செம்புத் தண்ணி தூக்க முடியல முத்துசெல்வி. பிள்ளைய எங்கன தூக்க?" என்று கையை உதறிக் காட்டினாள். அடுத்த வீட்டில் பத்து மணியிலிருந்து வரிசையாக சீரியல். எதிர் வீட்டில் பூனை வளர்க்கிறார்கள், பூனைமுடி பிள்ளைக்கு ஆகாதாம், ஜெஸ்வின் மேல் அவ்வளவு அக்கறை. கடைசி வீட்டுக்காரி யோசித்து யோசித்து, "பொம்பளப் பிள்ளைன்னா சரின்னுருவேன். ஆம்பளப் பிள்ள ஓடும்லா" என்றாள்.

"எட்டு மாசப் பிள்ள எங்கட்டி ஓடும்?"

"இப்ப ஓடாது. பெறவு ஓடும்லா."

பேராச்சி வீட்டில் மட்டும் நான் கேட்கவில்லை. அது என் வீட்டுக்கு அடுத்த வீடுதான். பேராச்சி தனியாள். மாடியில் கூழ்வத்தலும் மோர்மிளகாயும் காயப்போட்டு விற்கிறவள். என் மாடித் தண்ணீர்க் குழாய் அவள் முற்றத்தைப் பார்த்து நிற்கிறது. ஒரு சீசனில் பெய்த மழையில் அவள் எடுத்து வைத்திருந்த வத்தல் நனைந்து கூழாகிப்போனது. அவள் என்னை என்னென்ன சொன்னாள், நான் திருப்பி என்னென்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. அன்றோடு பேச்சு நின்றது. இதில் குரங்குத் தொல்லை வேறு. கழுத்தில் உண்டிவில்லைத் தாலி மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு அலைவாள். பகல் முழுக்க அந்த ரப்பர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளிடம் பிள்ளையைக் கொடுப்பதற்குப் பதிலாக ஐந்தருவியில் இறக்கிவிட்டு வரலாம் என்று தெருவில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குரங்கு செத்தது.

புளியமரத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் பக்கம் தாவிய ஒரு பொம்பளைக் குரங்கு கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. விழுந்தபோதே உயிர் இல்லை. வயிற்றில் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் முகத்தைத் தொடுவதும் திரும்பப் போய் வயிற்றில் ஒட்டிக்கொள்வதுமாக இருந்தது. பார்த்தவர்கள் யாருக்கும் மனசு பொறுக்காது. எனக்கும் பொறுக்கவில்லை.

பத்து நிமிஷத்தில் தெரு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. போன வருஷம் கடைசி வீட்டுப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது ஆட்டோ பிடிக்க ஆள் தேடியது ஞாபகம் வந்தது. குரங்குக்கு அந்தக் குறை இல்லை. "அனுமாரே நம்ம தெருவத் தேடி வந்து உயிர விட்ருக்காரு" என்றார் நல்லதம்பி அண்ணாச்சி. உடனே தென்காசிக்கு வண்டி போனது மாலை வாங்க. மேளத்துக்கு ஒருத்தர் போன் போட்டார். புது வேட்டி வந்தது, மஞ்சள் வந்தது, பன்னீர் வந்தது. அகமது கபீர் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, வனத்துறைக்கு ஒரு வார்த்த சொல்லணும்லா" என்றார். "சொல்லுவோம் பாய். மொத மால வரட்டும்" என்றார் அண்ணாச்சி.

நெற்றியில் என்ன இடுவது என்பதில் கொஞ்சம் சிக்கல் வந்தது. அனுமார் என்றால் நாமம்தான் என்றார் ஒருத்தர். குற்றாலநாதர் எல்லைக்குள் செத்தால் திருநீறுதான் என்றார் அண்ணாச்சி. அரை மணி நேரம் அது நடந்தது. கடைசியில் நெற்றிக்கு நாமம், நெஞ்சுக்குத் திருநீறு என்று சமாதானம் ஆனார்கள். புதைக்க இடம் தேடியபோது அந்தக் குப்பை இடம் கண்ணில் பட்டது. எத்தனையோ மனுக் கொடுத்தும் போகாத குப்பை ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. இதற்காகவே மாதம் ஒரு குரங்கு செத்தால் ஊர் சுத்தமாகிவிடும் என்று கபீரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை டீ கிளாஸுக்குள் மறைத்துக்கொண்டார்.

இதெல்லாம் கிடக்கட்டும். குட்டி விஷயத்துக்கு வருகிறேன். தாயிடமிருந்து குட்டியைப் பிய்த்து எடுத்தது குழல்வாய்மொழி மதினி. எந்தக் கை? அந்த மணிக்கட்டு வலிக்காரக் கைதான். துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை முழுக்க அந்தக் கை இறங்கவே இல்லை. சீரியல்காரி டிவியை நிறுத்திவிட்டு ஓடிவந்து "எங்கிட்டக் கொஞ்சம் தாங்கக்கா" என்று கெஞ்சினாள். பூனை வீட்டுக்காரி பால்புட்டி வாங்கி வந்தாள். முடி ஒத்துக்காதே என்று கேட்க நினைத்தேன், குட்டிக்கே உடம்பு முழுக்க முடி என்பதால் விட்டுவிட்டேன். ஓடிவிடும் என்று பயந்த கடைசி வீட்டுக்காரி வரிசையில் நின்றாள். ஆளுக்கு ஒரு தடவை தூக்கி ஆளுக்கு ஒரு போட்டோ. "குட்டி அனுமாரு, குட்டி அனுமாரு" என்று கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஜெஸ்வினை இடுப்பில் வைத்துக்கொண்டு ரூபி நின்றாள். பக்கத்திலேயே, ஒரு கை தள்ளி, குரங்குக் கூட்டம். எப்போதும் கத்திக் கூப்பாடு போடுகிற கூட்டம் அன்றைக்குச் சத்தமே போடவில்லை. சன்ஷேடில், சுவரில், டேங்க் மேல் வரிசையாக உட்கார்ந்து கீழே அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தன. முன்னால் இருந்தது மொட்டவாலு. பாதி வால் இல்லாத பொம்பளைக் குரங்கு. தெருவில் அதனிடம் திட்டு வாங்காத வீடு, அதைத் திட்டாத வீடு கிடையாது. டேங்க் மூடியைக் கழற்றுவது, கொடியில் காய்கிற துணியைக் கிழிப்பது, பேராச்சி வத்தலைத் தின்பது எல்லாம் அதுதான்.

"அக்கா, குட்டிய அந்தச் சுவத்துல வச்சிட்டு எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றாள் ரூபி. "அதுக வந்து எடுத்துக்கிடும். நான் டெய்லி பாக்குதேன்லா. அம்மா எங்கயாவது போச்சுன்னா மத்ததுதான் மாத்தி மாத்தி தூக்கி வச்சிருக்கும்."

அவள் பேசினால் தெருவுக்குக் காது கேட்காது என்பதால் நான் அதையே கத்திச் சொன்னேன்.

"தாயில்லாத பிள்ளைய ரோட்டுலயா விடச் சொல்லுத?" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் கொலைகாரி ஆகிவிட்டேன். மாலை போட்ட குரங்கின் பக்கத்தில் நின்றுகொண்டு கையை உயர்த்தி அறிவித்தார். "இந்தப் பிள்ளைய யாரும் தனியா வளக்க வேண்டாம். நம்ம தெருவே வளக்கும்." எல்லாரும் கை தட்டினார்கள். நான் மாடியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

குட்டிக்கு அந்தத் தீர்மானம் பிடிக்கவில்லையோ என்னவோ, குழல்வாய்மொழி மதினியின் பட்டுச்சேலையில் ஒண்ணுக்கு இருந்துவிட்டது. "அய்ய, சவத்த" என்று அனுமாரைச் சுவரில் வைத்துவிட்டு மதினி சேலையைப் பிழிந்தாள். அந்த ஒரு நிமிஷம் போதும். மொட்டவாலு சுவர் வழியாக இறங்கி வந்தது. யாரையும் பார்க்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. குட்டியை இழுத்து வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு அதே வழியில் ஏறிப்போய்விட்டது. மேலே போனதும் இன்னொன்று வந்து குட்டியை மோந்து பார்த்தது, இன்னொன்று பேன் பார்த்தது. எவளிடம் இருந்து வந்தாய், எந்தக் கோயிலுக்குப் போவாய் என்று ஒரு குரங்கும் கேட்கவில்லை.

தெரு அழுதது. நிஜமாகவே அழுதது, பொய் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லார் ஸ்டேட்டஸிலும் மொட்டவாலுதான். "ஐந்தறிவுக்கு உள்ள பாசம் ஆறறிவுக்கு இல்லை", கீழே கைகூப்பிய படம். குழல்வாய்மொழி மதினி, "குரங்கிடம் கற்போம்" என்று போட்டிருந்தாள், பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

நான் ஒரு புத்திகெட்ட கோட்டிக்காரி. மனசு இளகியிருக்கும்போதே கேட்டுவிடலாம் என்று அன்றைக்கே மறுபடியும் படியேறினேன். குழல்வாய்மொழி மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். காலையிலிருந்து குட்டியைத் தூக்கியதில் மணிக்கட்டு வீங்கிப்போய்விட்டதாம். "இப்பப் போயி பிள்ளைய எப்படித் தூக்குவேன், நீயே சொல்லு" என்றாள். நியாயம்தானே. அண்ணாச்சி உள்ளேயிருந்து, "ஏம்மா, அதுக்கு ரெண்டு பக்கமும் தாய் தகப்பன் இல்லியா? குடும்ப விசயத்துல நாம தலையிடப்படாது" என்றார். தாயில்லாப் பிள்ளையைத் தெருவே வளர்க்கும் என்று சொன்ன அதே வாய்தான்.

கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்று மாடியேறி ரூபியிடம் சொன்னேன். "தெரு முழுக்கக் கேட்டுட்டேன் பிள்ள. ஒருத்தியும் அசையல." அவள் ஜெஸ்வினுக்குச் சோறு மசித்துக்கொண்டிருந்தாள். மசித்த சோற்றையே திரும்பத் திரும்ப மசித்தாள். லேபுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். வரமுடியாது என்று ஒன்றாம் தேதி போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், அதுவரை சொல்லவேண்டாம் என்றாள்.

அந்த ஒன்றாம் தேதியில்தான் குரங்குக்குப் பதினாறு வந்தது. பதினாறாம் நாள் விசேஷத்தை விடலாமா? குழுவில் ஒரே மும்முரம். சாம்பாரா, புளிக்குழம்பா என்று இரண்டு நாள் வாக்குவாதம். சமாதிக்கு மேடை கட்டி டைல்ஸ் ஒட்டி ஆயிற்று. கவனிப்புக்கு ஒரு குழு, பாத்திரத்துக்கு ஒரு குழு, குழுக்களைக் கவனிக்க ஒரு குழு. ரூபி அந்த வாட்ஸ்அப்பில் இல்லை என்பதால் அவளுக்கு அழைப்பு இல்லை. பேராச்சிக்கு அழைப்பு உண்டு, அவள்தான் வாங்க மறுத்துவிட்டாள். "செத்தது ஒண்ணு. மிச்சம் கெடக்குத மூதிகளுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று குழுத்தலைவரை வாசலோடு அனுப்பிவிட்டாளாம்.

அன்றைக்குக் காலையில் நல்ல சாரல். தெருவில் பந்தல். ஜமக்காளத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் பள்ளிக்கூடம் போகிறதுக்கு முன்னால் ஒரு தடியங்காயைக் கையில் வாங்கியிருந்தேன். மைக்கில் அண்ணாச்சி பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உறவுகளே. ஒரு கொரங்குக்கு இருக்குத ஒத்துமை நமக்கு இருக்கா? நாம அதுககிட்டயிருந்து கத்துக்கிடணும்." நறுக்குகிற கைகள் ஒரு நொடி நின்று, ஆமா ஆமா என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் நறுக்கின.

என் வீட்டுப் படியில் ரூபி இறங்கி வந்தாள். தலைவாரி, சுடிதார் தேய்த்து, லேபுக்குப் போகிற மாதிரி. இடுப்பில் ஜெஸ்வின், தோளில் ஒரு பை. கையில் போன் இருந்தது, ஆனால் யாருக்கும் போடவில்லை. கேட்டருகே நின்றாள். எதிர்ச் சுவரில் மொட்டவாலு உட்கார்ந்திருந்தது, வயிற்றில் அந்தக் குட்டி, சாரலுக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு. ரூபி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நேராக நடந்து பந்தலுக்குள் வந்தாள்.

காய்களுக்கு நடுவில் இருந்த இடத்தில் ஜெஸ்வினை உட்காரவைத்தாள். பக்கத்தில் பையை வைத்தாள். "பால் இதுல இருக்கு. பதினோரு மணிக்குச் சோறு. சாயங்காலம் வந்துருதேன்" என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை. யாருடைய பதிலுக்கும் நிற்கவும் இல்லை. செருப்பு சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது, அதற்குப் பிறகு தென்காசி பஸ் சத்தம் கேட்டது.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அறையவும் தோன்றியது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அருவாமனையை எல்லாரும் தள்ளி வைத்தார்கள், அதுவரை நல்லதுதான். அதற்கு மேல் ஒருத்தியும் கையை நீட்டவில்லை. "ஏ முத்துசெல்வி, ஒன் வீட்டு ஆளுதான, நீ பாரு" என்றாள் சீரியல்காரி. "நல்ல நாளும் அதுவுமா இப்படியா விட்டுட்டுப் போவா?" என்றாள் குழல்வாய்மொழி மதினி. ஜெஸ்வின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அம்மா முகம் இல்லை. உதட்டைப் பிதுக்கினான். அழுகை வந்தபோது மைக்கில் அண்ணாச்சி, "பாசம்னா என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே பள்ளிக்கூடத்தில் அடுப்பு பற்றவைக்க என் சாவிக்காகக் காத்திருப்பார்கள். போகட்டும் எழவு, இன்றைக்குப் பிள்ளைகள் பசியோடு இருந்தாலும் சரி, வேலை போனாலும் சரி என்று தடியங்காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு இரும்புக் கேட் கிறீச்சிட்டது.

பேராச்சி வந்தாள். கழுத்தில் உண்டிவில், முழங்கை வரைக்கும் வத்தல் மாவு. பந்தல் ஒதுங்கி வழி விட்டது. யாரையும் பார்க்கவில்லை. குனிந்தாள், ஜெஸ்வினை அள்ளி இடுப்பில் வைத்தாள், மற்றக் கையில் பையை எடுத்தாள், வந்த வழியே போய்விட்டாள். கேட் மறுபடியும் கிறீச்சிட்டு மூடிக்கொண்டது. பிள்ளை அழுதபடியே போனான்.

"ஐயோ, அவட்டயா?" என்று ஒரு குரல் வந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. என் மனசிலும் அதே வார்த்தைதான் ஓடியது.

கேட் வரைக்கும் போனேன். கூப்பிட வாய் வரவில்லை. எத்தனை மழைக்காலம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என்னவென்று கூப்பிடுவது? பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் பதறிக்கொண்டே போனேன். சாவியைக் கொடுத்துவிட்டு ரூபிக்கு போன் போட்டேன். "பிள்ள, ஒண்ணும் பயப்படாத. பேராச்சி தூக்கிட்டுப் போயிட்டா" என்றேன், நான்தான் பயந்துகொண்டு.

"சரிக்கா" என்றாள்.

"என்னட்டி சரி? அவா கையில உண்டிவில்ல வச்சிக்கிட்டு."

"மாடியில இருந்து டெய்லி பாக்குதேன்க்கா. அவங்க கல்லு வச்சு அடிச்சதே இல்ல. வெறும் ரப்பரத்தான் இழுத்து விடுவாங்க. சத்தத்துக்குக் கொரங்கு ரெண்டடி தள்ளிப்போவும். அவங்க உள்ள போனதும் திரும்ப வரும். ஒடைஞ்ச வத்தலச் சொவத்துல வச்சிட்டுத்தான் உள்ள போவாங்க." அவளை யாரோ கூப்பிட்டார்கள். "அக்கா, ரத்தம் எடுக்கக் கூப்பிடுதாங்க" என்று வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டது சத்தத்தை மட்டும்தான். கல்லையும் நானாகவே வைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சச் சாம்பாரைக் குரங்குகள் அண்டாவோடு கவிழ்த்திருந்தன. யாருக்கு விசேஷமோ அவர்கள் சாப்பிட்டதில் தப்பில்லை. அண்ணாச்சி கம்பை எடுத்துக்கொண்டு அனுமார் பரம்பரையைத் துரத்திக்கொண்டிருந்தார்.

பேராச்சி கேட் முன்னால் நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"மதினி."

"தொறந்துதான் கெடக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முற்றத்தில் என் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. வாளி நிரம்பியிருந்தது. தள்ளிக் காய்ந்த இடத்தில் விரித்த பாயில் பேராச்சியை ஒட்டி ஜெஸ்வின் உட்கார்ந்திருந்தான். ரப்பரைக் கழற்றி, கழுவிக் கொடுத்த உண்டிவில் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். பல் முளைக்கிறதாம். மதில்மேல் மொட்டவாலு ஒடைந்த வத்தலை எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தது, குட்டி அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே நேரம் குழல்வாய்மொழி மதினி ஒரு தூக்குவாளியோடு வெளியேறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பாயசம் கொடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அவள் தோளில் பிள்ளை வழியவிட்ட எச்சில் ஈரமாக இருந்தது. அன்றைக்கு ஒருத்தி ஸ்டேட்டஸிலும் இது வரவில்லை. யாரும் போட்டோ எடுக்கவில்லை போல.

"மத்தியானம் பூரா ஒவ்வொருத்தியா வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாளுவ" என்றாள் பேராச்சி. "மணிக்கட்டு வலிக்காரி மூணு தடவ தூக்கிட்டா. சோறு தின்னான். ஒறங்கினான். அவன் அம்மைய நாளைக்கும் கொண்டாரச் சொல்லு."

"சரி மதினி" என்றேன். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினேன். ஜெஸ்வின் என்னை நன்றாகத் தெரிந்தவன். ஆனாலும் வராமல் பேராச்சியின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

பேராச்சி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரு முழுக்கக் கேட்டியாம்லா" என்றாள். "என் வீடு எந்தத் தெருவுல இருக்கு?"

நான் மதிலோரம் போய், நிரம்பி வழிந்த அந்த வாளியை எடுத்துக் கொட்டிவிட்டு, திரும்பவும் குழாய்க்கு அடியில் கொண்டுவந்து வைத்தேன்.